அளவைப் பார்த்து விலை பேசலாமா?

கைவினைக் கண்காட்சிகளிலும், நவராத்திரி சமயத்தில் முளைக்கும் கொலுக் கடைகளிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கூடங்களில் விடுமுறை நாட்களில் நடக்கும் சிறு சந்தைகளிலும், ஃபெல்ட் துணியில் கையால் தைத்த யானைக் குட்டிகளையும் ஆந்தைகளையும், சாவி வளையத்தில் தொங்கும் மீன்களையும், பெண் குழந்தைகளின் கூந்தலுக்கான பூக் கிளிப்புகளையும் ஒரு மேஜையின்மேல் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கும் மாதர்கள், அன்று வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் காதில் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறார்கள். "இத்தனூண்டு பொம்மைக்கா இவ்வளவு விலை?" என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் அல்லர். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த நல்ல குடும்பஸ்தர்களே பெரும்பாலும் அப்படிக் கேட்கிறார்கள். பொம்மையை எடுத்துப் பார்க்கிறார்கள். அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது என்ற ஒரே காரணத்தால், அதன் விலையும் சட்டைப்பைச் சில்லறைக்குள் அடங்கவேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்த முடிவு தவறானது என்பதையும், தவறான இந்த முடிவினால் வீட்டிலிருந்தபடி ஊசியும் நூலும் கொண்டு ஜீவனம் நடத்த முயலும் பெண்களின் உழைப்பு மிகக் கேவலமான கூலிக்குப் போய்விடுகிறது என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நிலத்தைச் சதுர அடிக் கணக்கிலும், காய்கறியை எடைக் கணக்கிலும், துணியை மீட்டர் கணக்கிலும் வாங்கிப் பழகிய நமக்கு, பெரிதாய் இருப்பதற்கு அதிக விலையும் சிறிதாய் இருப்பதற்குக் குறைந்த விலையும் கொடுப்பது இயற்கை நியதிபோலத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. மூலப்பொருளே விலையின் பெரும்பகுதியாக இருக்கும் சரக்குகளுக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆனால் மூலப்பொருள் சில ரூபாய்க்கு மேற்படாமல், மற்ற மதிப்பு முழுவதும் ஒருவருடைய கண்ணிலும் விரலிலும் நேரத்திலும் இருந்தே வரும் கைவேலைக்கு அதே கணக்கைப் பிரயோகிப்பது நியாயம் ஆகாது. கைவேலையிலோ, பொருள் சிறுக்கச் சிறுக்கப் பிரயாசை குறைவதில்லை. பல சமயங்களில் கூடவே செய்கிறது. அது எப்படி என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஃபெல்ட் என்பது நெய்த துணி அன்று. அதற்குத் தறியும் இல்லை; பாவும் ஊடையும் இல்லை. ஆட்டு ரோமத்தின் ஒவ்வோர் இழைமீதும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் பட்ட நிலையில் அந்த இழைகளை இடைவிடாமல் தேய்த்தும் அழுத்தியும் வந்தால், செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, பிறகு பிரிக்க முடியாதபடி இறுகி, கனத்த ஒரு விரிப்பாக ஆகிவிடுகின்றன. வெந்நீரில் போட்டுத் துவைத்த கம்பளிச் சட்டை சுருங்கித் தடித்துப்போவதும் இதே காரணத்தால்தான். இன்று நம் கடைவீதிகளில் தாள் தாளாகப் பல வர்ணங்களில் கிடைக்கும் சரக்கில் பெரும்பகுதி ரோமத்தால் ஆனதன்று. பாலியஸ்டர் இழைகளை முள் வைத்த ஊசிகளால் ஓயாமல் குத்திக் குத்திச் சிக்கவைத்த செயற்கை ஃபெல்ட் அது. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. எந்தத் திசையில் வெட்டினாலும் ஓரத்தில் நூல் பிரியாது. ஆகவே ஓரத்தை மடித்துத் தைக்கவேண்டிய அவசியமும் இல்லை. மடிப்பு விட்டுத் தைத்துப் பிறகு உட்புறத்தை வெளியே திருப்பினால் விரல்நுனி அளவுள்ள காதும் வாலும் உருத்தெரியாமல் உப்பிப்போகும் என்பதால், மிகச் சிறிய உருவங்களைத் தைக்க விரும்புபவர்களுக்கு இந்தத் துணி ஒரு வரப்பிரசாதம்.

இந்தச் சாமர்த்தியம் நேற்று வந்ததும் அன்று. தென் சைபீரியாவில் அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னும் இடத்தில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட புதைகுழி ஒன்றை ருஷ்யப் புதைபொருள் ஆராய்ச்சியாளர் செர்கெய் ருதென்கோ 1949-ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, நிலத்துக்குள் உறைந்து கிடந்த பனியால் கெடாமல் காப்பாற்றப்பட்ட அற்புதமான பொருள்களோடு, ஃபெல்ட்டை வெட்டித் தைத்து உள்ளே ரோமம் அடைத்துச் செய்த அன்னப்பறவை உருவங்களும் அகப்பட்டன. இன்றும் அவை லெனின்கிராடு என்று நெடுங்காலம் வழங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் ஹெர்மிடேஜ் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன. நாடோடிகளாகக் குதிரைமேல் திரிந்த ஒரு கூட்டத்தார், கூடாரத்துக்கும் சேணத்துக்கும் போர்வைக்கும் என்று தயாரித்த முரட்டுத் துணியில், பறவையின் கழுத்து வளைவைக்கூடப் பிசகாமல் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இனி, விரல் நீளமுள்ள ஒரு யானை உருவாகும் விதத்தைக் கவனிக்கலாம். முதலில் காகிதத்தில் மாதிரி வரையவேண்டும். உடலின் இரண்டு பக்கங்கள், நான்கு கால்களும் நிற்பதற்காக அடியில் வைக்கும் வயிற்றுப் பட்டி, காதுக்கு இரண்டிரண்டு துண்டுகள், வால் என்று குறைந்தபட்சம் எட்டுத் துண்டுகளாவது ஆகின்றன. கறுப்பு ஃபெல்ட்டின்மீது பென்சில் கோடு தெரியாது. சாக்கட்டிக் கோடோ, துண்டின் அளவையே மாற்றிவிடும் தடிமனாக விழும். குண்டூசி குத்தினால் இவ்வளவு சிறிய துண்டு மேடிட்டுக் கோணிக்கொள்ளும். ஆகையால் அனுபவசாலிகள் காகித மாதிரியைச் செல்லோடேப்பால் துணிமேல் ஒட்டி, டேப்போடு சேர்த்தே வெட்டி எடுக்கிறார்கள். வெட்டும்போதும் கத்தரிக்கோலைத் திருப்புவதில்லை. கத்தரிக்கோலை ஒரே நிலையில் வைத்துத் துணியைத்தான் திருப்புகிறார்கள். தும்பிக்கையின் உள்வளைவில் கத்தரிக்கோல் ஒரு நூலளவு தாண்டிப் போய்விட்டால், அந்தத் துண்டு பயன்படாது. நூல் பிரியாத துணி என்பதனாலேயே வெட்டிய ஓரம் அப்படியே வெளியில் தெரியும். மடித்து மறைப்பதற்கு வழி இல்லை.

பிறகு தையல். எம்பிராய்டரி நூலின் ஆறு இழைகளிலிருந்து இரண்டை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு ஓரங்களையும் சேர்த்து வைத்து, காஜா எடுப்பதைப்போலவே ஒவ்வொரு குத்துக்கும் நூலை ஓரத்தில் கொக்கி மாட்டிக்கொண்டு போகிற பிளாங்கெட் தையல் இதற்கு உரியது. ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் சுமார் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், அந்த விரல் நீள யானையின் முதுகு, தும்பிக்கை, கால்கள், காதுகள் எல்லாவற்றையும் சுற்றி வருவதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட தையல்கள் விழுந்துவிடுகின்றன. அவை அத்தனையும் ஒரே உயரத்திலும் ஒரே இடைவெளியிலும் இருக்கவேண்டும். தைத்துக்கொண்டு வரும்போதே பஞ்சும் அடைக்கவேண்டும். ஒரு பிடிப் பஞ்சை ஒரேயடியாகத் திணித்தால் உள்ளே உருண்டை கட்டிக்கொண்டு யானைக்குக் கட்டி வந்ததுபோல் ஆகிவிடும் என்பதால், சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி, மழுங்கிய குச்சியின் முனையால் தும்பிக்கை நுனியில் ஆரம்பித்து மெல்ல மெல்லத் தள்ளவேண்டும். நம் பக்கத்தில் தலையணைக்குப் பேர்போன இலவம் பஞ்சு இதற்கு லேசாகவும் மென்மையாகவும் இருந்தாலும், நாளடைவில் அமுங்கிவிடும், நனைந்தால் கெட்டுவிடும் என்று கருதிப் பெரும்பாலோர் பாலியஸ்டர் பஞ்சையே உபயோகிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் கண். அளவுக்கும் உழைப்புக்கும் உள்ள சம்பந்தம் என்னவென்பதை இந்தக் கண் விஷயத்தில் தெளிவாகப் பார்க்கலாம். ஓர் அடி உயரப் பொம்மையில் கண்ணை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. விரல் நீளப் பொம்மையில் அதே அரை மில்லிமீட்டர், சாதுவான யானையை அசட்டு யானையாகவோ, திகைத்துப்போன யானையாகவோ ஆக்கிவிடும். ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து முடிச்சாக நிறுத்தும் அந்தக் கண்ணைச் சரியான இடத்தில் வைப்பதற்காக ஒருமுறைக்கு இருமுறை பிரித்துப் பிரித்துப் போடுபவர்கள் உண்டு. அப்படிப் பிரிக்கும்போது துணியில் துளை தெரிந்துவிட்டால், முகம் முழுவதையும் புதிதாக வெட்டவேண்டியதுதான். ஆக, சிறிய பொம்மையில் மிச்சமாவது துணியிலும் பஞ்சிலும் வரும் சிக்கனமே தவிர, துண்டுகளின் எண்ணிக்கையும், தையலின் ஒழுங்கும், கண்ணின் இடமும் கோருகிற சிரத்தையில் எவ்விதக் குறைவும் இல்லை. சிறியதில் பிழைக்கு இடம் சுருங்கிவிடுவதால் சிரமம் அதிகரிக்கிறது.

பொம்மைக்குச் சொன்னது அலங்காரப் பொருள்களுக்கும் பொருந்தும். குழந்தையின் தலையில் செருகும் ஐந்து இதழ்ப் பூக் கிளிப்பை, பசைத் துப்பாக்கியால் சில நிமிஷங்களில் ஒட்டியும் தரலாம். இதழ் ஒவ்வொன்றையும் அடியில் சுருக்கிப் பிடித்துத் தைத்து, நடுவில் மணி கோத்து, கிளிப்பின் தகடு தலையில் உறுத்தாமலும் முடியை இழுக்காமலும் இருக்கும்பொருட்டுப் பின்புறத்தில் வட்டமாக இன்னொரு ஃபெல்ட் துண்டு வைத்து மூடித் தைத்தும் தரலாம். மேஜையின்மேல் வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். சித்திரை மாத வெயிலில் காருக்குள் ஒரு பிற்பகல் கிடந்த பிறகு பார்த்தால், ஒட்டியது பல்லிளித்துவிடும். தைத்தது அப்படியே இருக்கும். வாங்குகிறவர் முன்புறத்தைப் பார்த்து விலை பேசுகிறார். வேலையோ பின்புறத்தில் இருக்கிறது.

உலகப் பிரசித்தி பெற்ற ஒரு பொம்மைத் தொழிற்சாலையே இப்படிப்பட்ட ஒரு சின்னஞ்சிறு யானையிலிருந்து தோன்றியது என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கலாம். ஜெர்மனியில் கீங்கன் என்னும் சிற்றூரில் 1847-ஆம் ஆண்டு பிறந்த மார்கரெட் ஷ்டைஃப், குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு இரண்டு கால்களும் செயலிழந்து, வலது கையும் சரிவர வழங்காமல், சக்கர நாற்காலியிலேயே வாழ்நாள் முழுவதையும் கழித்த பெண்மணி. தையல் இயந்திரத்தின் சக்கரத்தை வலது கையால் சுற்ற இயலாததால், இயந்திரத்தையே பின்புறமாகத் திருப்பி வைத்துக்கொண்டு இடது கையால் சுற்றித் தைத்தார் என்பர். 1877-இல் ஃபெல்ட் ஆடைகள் தைத்து விற்கும் சிறு கடையை ஆரம்பித்தார். இரண்டு, மூன்று வருஷங்களுக்குள், நாகரிகப் பத்திரிகை ஒன்றில் வந்திருந்த மாதிரியைப் பார்த்து, குண்டூசி செருகிவைக்கும் மெத்தையாக உபயோகிக்கலாம் என்று ஃபெல்ட்டில் சிறு யானை ஒன்றைத் தைத்தார். ஊசி செருகுவதற்கென்று வாங்கிப் போன யானைகளைக் குழந்தைகள் பிடுங்கிக்கொண்டு விளையாட ஆரம்பித்துவிட்டன. அந்தக் கம்பெனி தன் ஸ்தாபக ஆண்டாகக் கொண்டாடுவதும் 1880-ஐத்தான்.

பிறகு நடந்தது பலரும் அறிந்ததே. அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்டு 1902-இல் கைகால் அசையும் கரடி ஒன்றை உருவாக்கினார். மறு ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி மூவாயிரம் கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். 1904 முதல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் உலோகப் பொத்தான் ஏறியது. 1907-ஆம் ஆண்டில் மட்டும் 9,74,000 கரடிகள் தயாராயின. இந்தக் கடைசி எண்ணிக்கையோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னோர் எண்ணிக்கையைத்தான் நான் வாசகர்களுக்கு முக்கியமாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அந்த ஆண்டில் தொழிற்சாலைக்குள் வேலை செய்தவர்கள் சுமார் 400 பேர். துண்டுகளை வாங்கிக்கொண்டுபோய்த் தங்கள் வீடுகளிலேயே வேலை செய்து கொடுத்தவர்கள் சுமார் 1,800 பேர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏலத்துக்கு வரும் பழைய கரடிகளுக்கு லட்சக்கணக்கில் விலை கேட்கும் சேகரிப்பாளர்கள் காதில் உள்ள பொத்தானைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். மூக்கின் நுனியில் நூல் பின்னி முகத்துக்கு ஒரு பாவத்தைக் கொண்டுவந்த கை யாருடையது என்று அந்தப் பொத்தான் சொல்வதில்லை.

வீட்டுத் தையலிலிருந்து பிறந்த புகழ்பெற்ற பொம்மைகள் இன்னும் உண்டு. வேட்டையில் கட்டிவைக்கப்பட்டிருந்த கரடியைச் சுட மறுத்த ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டைப் பற்றிய கேலிச்சித்திரம் 1902-இல் வெளியானபோது, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மாரிஸ் மிச்டம், ரோஸ் தம்பதியர் தாங்களே தைத்துக் கடை ஜன்னலில் வைத்த துணிக் கரடிதான் அமெரிக்காவில் 'டெடி' என்ற பெயருக்கு மூலம். ஜெர்மனியின் கேத்தே குரூஸே அம்மையார் 1905-இல் தம் மகளுக்காக வீட்டில் கிடைத்ததைக் கொண்டு செய்த பொம்மை, 1910-இல் பெர்லின் கடை ஒன்றில் நடந்த, வீட்டிலே செய்த விளையாட்டுப் பொருள்களின் கண்காட்சிக்குப் போய், அங்கிருந்து தொழிலாக வளர்ந்தது. பின்னால் கம்பெனிகளான இவற்றின் பெருமையை நாம் பேசுகிறோம். கம்பெனியாக மாறாமல், மாறவேண்டும் என்ற ஆசையும் இல்லாமல், சமையல் முடிந்த பகற்பொழுதில் ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கும் ஆயிரக்கணக்கான பெண்களின் வேலைக்கு என்ன கூலி என்ற கேள்வியைத்தான் பேசுவதில்லை.

நம் சட்டம் அந்தக் கேள்வியை அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. மூலப்பொருளைப் பிறரிடம் வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் தைத்துக் கொடுப்பவரையும் தொழிலாளியாகவே 1948-ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கருதியது. உருப்படிக் கணக்கில் கூலி நிர்ணயிக்கவும், உருப்படிக் கணக்கில் வேலை செய்பவருக்கும் நேரத்தைப் பொறுத்து இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று ஓர் உத்தரவாதம் அளிக்கவும் அதில் இடம் வைத்திருந்தது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 1996-இல் வீட்டுவேலைத் தொழிலாளர்களைப் பற்றித் தனி ஒப்பந்தம் ஒன்றை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. ஆனால் மேஜை போட்டு உட்கார்ந்து, தானே துணி வாங்கி, தானே தைத்து, தானே விற்கும் பெண்ணுக்கு எஜமானர் என்று ஒருவரும் இல்லை. ஆகவே சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. அவளுடைய கூலியை நிர்ணயிப்பவர்கள் பேரம் பேசுகிற நாம்தான்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் மேலே கண்ட யானைக்கு, வெட்டுவது முதல் கண் வைப்பது வரை இரண்டு மணி நேரம் ஆகிறது என்றும், அதற்கு நூற்றிருபது ரூபாய் விலை சொல்லப்படுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபெல்ட், நூல், பஞ்சு, சாவி வளையம், பை ஆகியவற்றுக்கு இருபத்தைந்து ரூபாயும், மேஜை வாடகையிலும் பஸ் செலவிலும் அந்த ஒரு பொம்மையின் பங்குக்குப் பதினைந்து ரூபாயும் போனால், மிஞ்சுவது எண்பது. மணிக்கு நாற்பது ரூபாய். நாம் பேரம் பேசி அதை எண்பது ரூபாய்க்கு வாங்கிவிட்டு, சாமர்த்தியமாக வாங்கியதாக வீட்டில் சொல்லிக்கொள்ளும்போது, அந்தக் கூலியை மணிக்கு இருபது ரூபாயாகக் குறைத்துவிட்டோம் என்பதை நினைப்பதில்லை. விலையில் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. கூலியிலோ சரிபாதி போய்விட்டது. துணிக்காரரும் வாடகைக்காரரும் தங்கள் தொகையில் ஒரு காசும் விட்டுக்கொடுப்பதில்லையாகையால், பேரத்தின் பாரம் முழுவதும் உழைத்தவள் தலையிலேயே இறங்குகிறது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. இயந்திரத்தில் செய்த பெரிய பொம்மையே இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, கையால் செய்த சிறியதற்கு அதிகம் கொடுப்பானேன் என்பது ஒன்று. கொடுக்கவேண்டிய கட்டாயம் ஒருவருக்கும் இல்லை. கையில் உள்ள காசுக்கு ஏற்ற பொம்மையை வாங்கிக் குழந்தையை மகிழ்விப்பதில் குற்றமும் இல்லை. கைவேலை வேண்டும், ஆனால் இயந்திரத்தின் விலைக்கு வேண்டும் என்று கேட்பதுதான் அநியாயம்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் சூக்ஷ்மமானது. "அவர்கள் பொழுதுபோக்குக்காகச் செய்கிறார்கள், செய்வதில் அவர்களுக்கே சந்தோஷம் இருக்கிறது, சந்தோஷத்துக்குக் கூலி வேறா?" என்கிறார்கள். மார்கழி மாதக் கச்சேரியில் பாடகர் மெய்ம்மறந்து பாடுகிறார் என்பதற்காக எந்த ரசிகரும் டிக்கெட்டில் பாதியைத் திருப்பிக் கேட்பதில்லை; ஊசி பிடித்த கைக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் மாறவேண்டும்? வீட்டுக்குள் உட்கார்ந்து பெண்கள் செய்யும் எந்த வேலையும் வேலை ஆகாது என்று சமையல் விஷயத்தில் நெடுங்காலமாக நாம் வளர்த்துக்கொண்ட அபிப்பிராயந்தான் இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இவ்விடத்தில் தைப்பவர்களுக்கும் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அது சற்றுக் கசப்பானது. குடும்பச் செலவுக்கு வேறு வருமானம் உள்ளவர்கள், போட்ட துணிக் காசு வந்தால் போதும் என்று தாராளமாக விலை வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அது பெருந்தன்மை. அடுத்த மேஜையில், அந்த வருமானத்தைக் கொண்டே பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டியவளுக்கோ, அந்தப் பெருந்தன்மை பெரும் தண்டனையாகிவிடுகிறது. வாங்குபவர் அவளிடம் வந்து, "அங்கே ஐம்பது ரூபாய்தானே?" என்கிறார். உறவினர் குழந்தைக்குப் பரிசாக இனாமாகவே கொடுத்துவிடுங்கள். அது அழகான காரியம். ஆனால் விற்பது என்று வந்துவிட்டால், கூடத் தைப்பவளின் ஜீவனத்தையும் மனத்தில் வைத்து, நேரத்துக்குக் கூலி சேர்த்து விலை சொல்வது ஒரு தர்மம். பொம்மைக்கு ஆன நேரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவரும் வழக்கம் இருந்தால், விலை சொல்லும்போது குரல் கம்ம வேண்டிய அவசியமும் வராது.

நியாயமான விலை கேட்பவர்களுக்கு நியாயமான பொறுப்புகளும் உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்ளும். ஆகவே அந்த வயதுக் குழந்தைகளின் பொம்மையிலிருந்து கழன்று வரக்கூடிய எந்தப் பகுதியும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறிய உருளைக்குள் முழுவதுமாக அடங்கிவிடலாகாது என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட சோதனை. ஒட்டிய பாசிமணிக் கண்ணும், ஒற்றை நூலில் தொங்கும் பொத்தானும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். ஊசியால் பின்னிய கண் கழன்று விழுவதற்கே வழியில்லை. செயற்கை ஃபெல்ட்டை ஆட்டு ரோமம் என்று சொல்லி விற்காமல் இருப்பதும், துவைக்கலாமா கூடாதா என்பதை ஒரு சீட்டில் எழுதி வைப்பதும், சினிமாச் சித்திரங்களில் வரும் பிரபல உருவங்களை நகல் செய்யாமல் சொந்தக் கற்பனையைப் பயன்படுத்துவதும் தொழிலின் கௌரவத்தைச் சேர்ந்தவை.

பாதுகாப்பு அவசியந்தான், ஆனால் பெரிய ஆலைக்குப் போட்ட சட்டை சிறு கைக்குப் பொருந்துவதில்லை என்பதையும் அனுபவம் காட்டியிருக்கிறது. பொம்மைகளின் வர்ணப்பூச்சில் ஈயம் கலந்திருந்தது 2007-இல் அம்பலமாகி அமெரிக்காவே கலங்கியபோது, மறு ஆண்டு அந்நாட்டில் இயற்றிய சட்டம் எல்லா விளையாட்டுப் பொருள்களுக்கும் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. வருஷத்துக்குச் சில டஜன் பொம்மைகள் செய்பவர்கள் சோதனைக் கட்டணத்துக்கே கடையை மூடவேண்டியிருக்கும் என்று முறையிட்ட பிறகு, 2011-இல் சிறு உற்பத்தியாளர்களுக்குச் சலுகை அளித்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் 2020-ஆம் ஆண்டு உத்தரவு 1-1-2021 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே, கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு அளித்தார்கள். இந்த விலக்கு பதிவு செய்தவர்களுக்கே உரியது. ஆகையால் பொம்மை தைத்து விற்கும் ஒவ்வொருவரும் அந்தப் பதிவைச் செய்துகொள்வதும், மகளிர் சுய உதவிக் குழுக்கள் தங்கள் அங்கத்தினர்களுக்கு அதில் உதவி செய்வதும் உடனே நடக்கவேண்டிய காரியங்கள்.

வாங்கும் கண் பழுதுபட்டிருப்பதற்கு ஒரு காரணம், நம்மில் பெரும்பாலோர் ஊசியைக் கையால் தொடாமலே வளர்ந்துவிட்டதுதான். மரப்பாச்சிக்குப் பாவாடையும் வேட்டியும் கட்டிக் கொலுவில் நிறுத்திய சிறுமிகளுக்கு, விரற்கடை அகலத் துணியில் ஜரிகை தைப்பதன் கஷ்டம் தானாகத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடங்களில் தையல் வகுப்பு என்று ஒன்று நடந்த காலத்திலும் அது பெண்களுக்கே என்று ஒதுக்கப்பட்டது. இப்போது அதற்கும் நேரம் இல்லை. ஆண் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து, ஆளுக்கு இரண்டு துண்டு ஃபெல்ட் கொடுத்து, ஒரு மீனாவது தைக்கச் சொல்லவேண்டும். ஓரம் மடிக்கவேண்டாத, நூல் பிரியாத அந்தத் துணியைவிட ஆரம்ப மாணவனுக்கு ஏற்றது வேறில்லை. ஒரு மீனின் வாலை ஒழுங்காகச் சுற்றித் தைத்துப் பார்த்தவன், பிற்காலத்தில் எந்தக் கண்காட்சி மேஜையின் முன்பும் அளவை வைத்து விலை பேசமாட்டான்.

அரசாங்கமும் இதில் செய்யக்கூடியது உண்டு. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊர்தோறும் அங்கன்வாடிகள் நடக்கின்றன. அங்கே வரும் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான்களும் கதை சொல்லும் விரல் பொம்மைகளும் வேண்டியிருக்கின்றன. பிளாஸ்டிக் சாமான்களை மொத்த வியாபாரிகளிடம் வாங்குவதற்குப் பதிலாக, அவற்றில் ஒரு பகுதியையாவது அந்தந்த வட்டாரத்தில் பதிவு பெற்ற தையற் பெண்களிடம் வாங்கலாம். அப்படி வாங்கும்போது ஒப்பந்தப்புள்ளி கோரி, குறைந்த விலை சொன்னவருக்கே கொடுப்பது என்ற வழக்கத்தைப் பின்பற்றினால், கண்காட்சி மேஜையில் நடக்கும் பேரமே அலுவலகத்தில் பெரிய அளவில் நடந்ததாக முடியும். கொள்முதல் விலையை நிர்ணயிக்கும் அதிகாரி, பொம்மையின் உயரத்தை அளப்பதை விட்டுவிட்டு, அதைத் தம் முன்னிலையிலேயே ஒருமுறை தைக்கச் சொல்லி, ஆன நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து, தையல் தொழிலுக்கு அரசாங்கமே விதித்திருக்கும் குறைந்தபட்சக் கூலியின் விகிதத்தில் அந்த நேரத்துக்குப் பணம் கணக்கிட்டு, அதோடு துணி, நூல், பஞ்சு ஆகியவற்றின் கிரயத்தைச் சேர்த்து எழுதட்டும். அந்த விலைப்பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவும் செய்யட்டும். விரல் நீளப் பொம்மைக்கு இன்ன கூலி என்று அரசாங்க முத்திரையோடு ஓர் ஆதாரம் ஏற்பட்டுவிட்டால், விலை கேட்கிற வாங்குபவருக்கும், விலை சொல்லத் தயங்குகிற தையற்காரிக்கும் அதுவே போதுமான பதிலாக இருக்கும்.